மகனும் மகளும் மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் டோஃபல், ஐஈஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளில் தேறிய பிறகுதான் சேர்கிறார்கள். அப்படியிருக்க, ஆங்கிலம் போதாதவர்களுக்கென்று அங்கே தனியாக மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசும் மொழி உதவி எதற்கு என்று ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் கேட்பதுண்டு. நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கட்டணம், கடன், உதவித்தொகை பற்றிய கேள்விகளோடு எங்கள் கவுன்டருக்கு மாணவர்கள் மட்டும் வருவதில்லை, அவர்களைப் பெற்றவர்களும் வருகிறார்கள். பல்கலைக்கழகம் என்பது வகுப்பறையோடும் நூலகத்தோடும் முடிந்துவிடுவதும் இல்லை. அதற்கு மருத்துவமனை உண்டு, பல் மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை மையம் உண்டு, சட்டக் கல்லூரி நடத்தும் இலவச சட்ட உதவி மையம் உண்டு, சொந்தமாகக் காவல் துறையே உண்டு. இரவில் ஆய்வகங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவுபவர்கள், மருத்துவ ஆய்வுக்கு ரத்தமும் விவரமும் தர ஒப்புக்கொள்ளும் அக்கம்பக்கத்து மக்கள், மாணவர் குடியிருப்பில் கைக்குழந்தையோடு இருக்கும் ஆராய்ச்சி மாணவரின் மனைவி ஆகிய இவர்களில் எவரும் டோஃபல் எழுதிவிட்டு உள்ளே வந்தவர்கள் அல்லர். ஆங்கிலத்தை மிக நன்றாகப் பேச இயலாதவர்கள் என்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் பதிவாகிறவர்கள் 2.5 கோடிக்கும் மேல். அவர்களும் பல்கலைக்கழகத்தை நாடி வர வேண்டியிருக்கிறது.

இந்த உதவியை யாரோ இரக்கப்பட்டுச் செய்வதாக நம்மவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். உண்மையில் அதன் வேர் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்த நிறுவனமும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் எவரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது அச்சட்டத்தின் ஆறாவது பகுதி. ஆராய்ச்சி நிதியாகவும் மாணவர் கடனாகவும் அந்தப் பணத்தைப் பெறாத பல்கலைக்கழகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பூர்விக நாடு என்று சட்டம் சொல்வதற்கும் மொழிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு, 1974 ஜனவரியில் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 2,800 பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சுமார் 1,800 பேருக்கு மொழிக்கென எந்தத் தனி ஏற்பாடும் இல்லை. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் தந்திருக்கிறோமே என்று பள்ளி நிர்வாகம் வாதிட்டது. பாடம் நடக்கும் மொழியே புரியாத பிள்ளைக்கு ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமமாக நடத்துவதாகாது என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2000 ஆகஸ்ட் 11 அன்று அதிபர் கிளிண்டன் பிறப்பித்த 13166ஆம் எண் ஆணை, மத்திய அரசின் துறைகளும் அவற்றிடம் பணம் பெறும் நிறுவனங்களும் ஆங்கிலம் போதாதவர்களுக்கு வழி செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. எத்தனை பேர் அப்படி வருகிறார்கள், எவ்வளவு அடிக்கடி வருகிறார்கள், அவர்கள் நாடி வரும் சேவை அவர்கள் வாழ்க்கைக்கு எவ்வளவு முக்கியம், நிறுவனத்தின் கையிருப்பு எவ்வளவு என்னும் நான்கையும் எடைபோட்டு முடிவு செய்யுமாறு நீதித் துறை 2002இல் வழிகாட்டியது.

2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்து, அந்த 13166ஆம் எண் ஆணையை ரத்து செய்தார். அதோடு மொழி உதவி என்பதே ஒழிந்துவிட்டது என்று நம்மவர்களின் வாட்ஸப் குழுக்களில் பேச்சு பரவியது. அது சரியன்று. அதிபரின் ஆணையை அடுத்த அதிபர் ரத்து செய்யலாம். நாடாளுமன்றம் இயற்றிய 1964ஆம் ஆண்டுச் சட்டத்தை ஓர் ஆணையால் ரத்து செய்ய முடியாது. ஏற்கெனவே நடக்கும் சேவைகளை நிறுத்தியாக வேண்டும் என்றும் புதிய ஆணை சொல்லவில்லை. அந்த முடிவைத் துறைத் தலைவர்களிடம் விட்டிருக்கிறது. அரசுத் தரப்பில் ஊக்கம் குறைந்துவிட்டது என்பது உண்மை. அதனாலேயே, தேவைப்படுகிறவர்கள் வாய் திறந்து கேட்பது முன்பைவிட இப்போது முக்கியமாகிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

எங்கள் கவுன்டரில் மாதந்தோறும் பார்க்கும் ஒரு நிலைமையைச் சொல்கிறேன். எந்த ஒரு குடும்பத்தையும் குறித்துச் சொல்லவில்லை. நாடும் மொழியும் மாறும், காட்சி மாறாது. வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, வேலைச் சட்டையோடு ஒரு தந்தை வந்து நிற்பார். பக்கத்தில் மகன். இந்தப் பருவத்தில் உதவித்தொகை ஏன் வரவில்லை என்பது தந்தையின் கேள்வி. மத்திய அரசின் உதவித்தொகை தொடர வேண்டுமானால் மாணவர் குறிப்பிட்ட மதிப்பெண் சராசரியைக் காக்க வேண்டும், எடுத்த பாடங்களில் குறிப்பிட்ட பங்கையாவது முடித்திருக்க வேண்டும்; மகன் இரண்டு பாடங்களைப் பாதியில் விட்டிருப்பான். அதைத் தந்தையிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவன் அதே மகன்தான். நாங்கள் ஐந்து வாக்கியம் சொன்னால் அவன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவான். தந்தை தலையசைப்பார். "ஆபீஸ்ல ஏதோ தாமதமாம், சரியாயிடும்" என்பதுபோல் ஏதோ ஒன்றை நம்பிக்கொண்டு திரும்பிப் போவார். மகனை நான் குறை சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தோளில் தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே படித்துக்காட்டும் வேலையைச் சுமத்துவது எந்த அலுவலகத்துக்கும் அழகன்று.

கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவரின் மதிப்பெண், பாடம் முதலிய விவரங்களை அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பெற்றோரிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது 1974ஆம் ஆண்டின் கல்வி ஆவணத் தனியுரிமைச் சட்டத்தின் பொதுவிதி. ஆகவே மகன் ஒப்புதல் தராவிட்டால் நாங்கள் தந்தையிடம் அவனைப் பற்றிப் பேசவே முடியாது; ஒப்புதல் தந்துவிட்டால், தகுதி பெற்ற ஒருவர் தொலைபேசியில் வந்து இருபுறமும் முழுதாகச் சொல்வதுதான் தந்தைக்கும் நியாயம், மகனுக்கும் நியாயம். பெற்றோர் தம் பெயரில் எடுக்கும் பேரன்ட் பிளஸ் கடனைப் பொறுத்தவரை இது இன்னும் கடுமையான விஷயம். அந்தக் கடன் தாயின் பெயரிலோ தந்தையின் பெயரிலோ மட்டுமே நிற்கும். பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அவன் பெயருக்கு அதை மாற்ற அரசு விதி இடம் தருவதில்லை. கடன் பத்திரத்தில் கணினித் திரையில் கையெழுத்திடும் ஒருவருக்கு, யார் கடன்காரர் என்பது அவருடைய மொழியில் சொல்லப்பட்டிருக்க வேண்டாமா? உதவித்தொகை விண்ணப்பமான ஃபாஃப்சா படிவம் ஸ்பானிஷிலும் உண்டு. நம்மவர்களைப் போன்றோருக்கு வாய்மொழி உதவி ஒன்றுதான் வழி.

வாய்மொழி உதவி நன்றாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதை என் அம்மாவின் விஷயத்தில் பார்த்தேன். அம்மாவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஈரோட்டிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தபோது கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு நாம் எடுக்கும் பயணக் காப்பீடு பெரும்பாலும் பல்லுக்குப் பணம் தராது. தனியார் பல் மருத்துவரிடம் போனால் செலவு தாங்காது. பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை தரும் பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு என்பதால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல அங்கேதான் போகின்றன. நானும் அழைத்துப் போனேன். நானே மொழிபெயர்த்துவிடுகிறேன் என்றபோது சிகிச்சை தரவிருந்த மாணவி பணிவாக மறுத்தாள். நீங்கள் கூடவே இருக்கலாம், ஆனால் உடல்நலக் கேள்விகளைத் தொலைபேசி வழியாகத் தமிழ் அறிந்த ஒருவர்தான் கேட்பார், எங்கள் விதி அப்படி என்றாள்.

மேசைமேல் இருந்த ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. தன் பெயரைச் சொல்லாமல் ஓர் எண்ணைச் சொன்னது. "அம்மா வணக்கம்ங்க. இங்க நீங்க பேசறது, டாக்டர் பேசறது எல்லாத்தையும் ஒண்ணு விடாம நான் அந்தப் பக்கம் சொல்லுவேங்க. வெளியில யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க" என்று முதலிலேயே தெளிவுபடுத்தியது. அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ போயி வெளியில உட்காரு கண்ணு, நான் பேசிக்கறேன்" என்றார். நான் வெளியே போய் உட்கார்ந்தேன்.

அன்று பல்லைப் பிடுங்கவில்லை. ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்ததால் முதலில் பொது மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அம்மாவே சொன்னார். ஊரிலிருந்து கொண்டு வந்த பிரஷர் மாத்திரை தீர்ந்துவிடும் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இங்கே டாக்டரிடம் போனால் எங்களுக்குச் செலவு என்ற எண்ணம். "உன்கிட்டச் சொன்னா நீ சத்தம் போடுவ. அந்தப் புள்ள பதமாக் கேட்டுச்சு, சொல்லிட்டேன்." நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருந்தால், "எல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிடறேன்" என்ற பதில்தான் அந்த மாணவியின் படிவத்தில் ஏறியிருக்கும். அம்மாவுக்கும் எனக்கும் இடையில் அன்புக்குக் குறைவில்லை. அந்த அன்பு இருப்பதால்தான் சில செய்திகள் எங்களுக்கிடையே நடமாடுவதில்லை.

மருத்துவத் துறையில் இந்த விதிக்குச் சட்ட பலமும் கூடுதலாக உண்டு. 2010ஆம் ஆண்டின் உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தில் உள்ள 1557ஆம் பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள், மொழிபெயர்க்க ஆள் கூட்டி வாருங்கள் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது என்கின்றன. அவசர நேரம் தவிர மற்றபடி சிறு பிள்ளைகளை நடுவில் வைத்துப் பேசக் கூடாது. உடன் வந்த பெரியவரே மொழிபெயர்க்கட்டும் என்று நோயாளி விரும்பினால், அந்த விருப்பத்தைத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துத் தனிமையில் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று 2024இல் வந்த விதி கூறுகிறது. முக்கியமான ஆவணங்களைக் கணினியே மொழிபெயர்த்தால், தகுதியுள்ள மனிதர் ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் அதே விதிதான். இதற்குச் செலவு ஆகும். அந்தச் செலவு நிறுவனத்துடையது, நோயாளியுடையது அன்று.

மொழிபெயர்ப்பாளர் செய்வது எளிய வேலையும் அன்று. மருத்துவர் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றால் அவரும் அதே தன்மை இடத்தில் நின்று "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, தம் கருத்தைக் கலக்கவும் கூடாது. இத்துறைக்கென ஓர் ஒழுக்க நெறியை மருத்துவ மொழிபெயர்ப்புக்கான தேசியக் கவுன்சில் 2004இல் வெளியிட்டது. ஸ்பானிஷ், மாண்டரின், அரபி போன்ற மொழிகளுக்கு வாய்மொழித் தேர்வோடு கூடிய சான்றிதழ் உண்டு. தமிழுக்கு அப்படி ஒரு தேர்வு இல்லாததால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லா மொழிக்காரர்களுக்கும் பொதுவான கோர்சிஹெச்ஐ சான்றிதழை எழுதுகிறார்கள். இரு மொழியும் நன்றாகத் தெரிந்த இளைஞர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது முறையான பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தொழிலாளர்களைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. துப்புரவுப் பணியாளருக்குக் கொடுக்கும் பிளீச்சிங் திரவத்தையும் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையும் ஒன்றாகக் கலந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். அந்த எச்சரிக்கை பாட்டிலில் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் புரியும் சொற்களிலும் நடத்த வேண்டும் என்று மத்தியத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2010இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆய்வுகளில் பங்கேற்பவர்களின் ஒப்புதலுக்கும் இதே நிபந்தனைதான். அவருக்குப் புரியாத மொழியில் வாங்கிய கையெழுத்து, விதிப்படி ஒப்புதலே ஆகாது.

"இத்தனை ஆண்டுகள் இருக்கிறார்களே, ஆங்கிலம் கற்றுக்கொண்டால் என்ன?" என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. மாணவர் குடியிருப்புகளில் நடக்கும் ஆங்கில உரையாடல் வகுப்புகளுக்கு நம் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் வகுப்பு வேறு, உதவி வேறு. கடையில் பொருள் வாங்கப் போதுமான ஆங்கிலம் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தரவோ காவலரிடம் வாக்குமூலம் கொடுக்கவோ போதாது. ஆங்கிலம் முழுதாக வரும்வரை நோயும் கடன் தவணையும் காத்திருப்பதில்லை.

எழுத்தில் இருக்கும் அறிவிப்புகளைப் பார்த்து நம்மவர்கள் சோர்ந்துபோவதையும் சொல்லியாக வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2004இல் தயாரித்த மொழி அட்டையை இன்றும் பல அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. வருபவர் தம் மொழியில் எழுதியிருக்கும் வரியைத் தொட்டுக் காட்டினால் போதும். வங்காளமும் இந்தியும் உருதும் அதில் உண்டு, தமிழ் இல்லை. நியூ ஜெர்சியில் தமிழர்கள் இத்தனை பேர் இருந்தும், மருத்துவ நிறுவனங்களுக்கென 2016இல் வகுக்கப்பட்ட அந்த மாநிலத்தின் 15 மொழிப் பட்டியலில் நம் துணைக்கண்டத்து மொழிகளில் குஜராத்தி, இந்தி, உருது ஆகியவையே இடம்பெற்றன. தமிழில் வரும் அறிவிப்புகளும் சில இடங்களில் எழுத்துரு உடைந்து, கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாகக் கிடக்கும். அச்சடித்தவர் எவரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. ஆனாலும் சுவரில் தமிழ் இல்லை என்பதால் தொலைபேசியிலும் தமிழ் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரிய தொலைபேசி மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் 200க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு ஆள் வைத்திருக்கின்றன. தமிழும் அவற்றில் உண்டு. ஸ்பானிஷுக்குச் சில நொடிகளில் ஆள் கிடைத்துவிடுவார், தமிழுக்குச் சற்றுக் காத்திருக்க நேரலாம். எனவே மருத்துவமனைக்கோ அலுவலகத்துக்கோ நேரம் குறிக்கும்போதே சொல்லிவைப்பது நல்லது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதியவராக இருந்தால் இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்றும் கேட்கலாம். வலியை விவரிக்கும் நேரத்தில் பேச்சு வழக்கு ஒத்துப்போவது பெரிய ஆறுதல்.

உங்கள் அம்மாவுக்கோ மாமனாருக்கோ ஒரே ஒரு ஆங்கில வாக்கியம் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், "தமிழ் இன்டர்பிரட்டர், ப்ளீஸ்" என்பதைக் கற்றுக்கொடுங்கள். அதை ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி, பாஸ்போர்ட் உறையிலேயே வைத்துவிடுங்கள். கவுன்டரில் இருப்பவர் புதியவராக இருந்து விழித்தால், மேலாளரை அழைக்கச் சொல்லலாம். பல அலுவலகங்களில் மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் கணக்கு எண்ணும் மேசை இழுப்பறையில் எங்கோ இருக்கும், எடுத்துப் பயன்படுத்தத்தான் பழக்கம் இருக்காது. எங்கள் அலுவலகத்தில் அதை எல்லாக் கணினிகளுக்கும் பக்கத்தில் ஒட்டிவைக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன், இப்போது ஒட்டியிருக்கிறோம்.

கேட்டும் மறுத்தால் புகார் செய்ய இடம் உண்டு. உள்நோக்கம் இல்லாமல் விளையும் பாகுபாட்டுக்காக 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாவது பகுதியின்கீழ் தனி மனிதர் நேரடியாக வழக்குத் தொடர முடியாது என்று 2001இல் சாண்டோவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அலபாமா மாநிலம் ஓட்டுநர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தியதை எதிர்த்த வழக்கு அது. ஆகவே புகாரை முதலில் பல்கலைக்கழகத்தின் சம வாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்துக்கும், மருத்துவமனை தொடர்பானது என்றால் சுகாதாரத் துறையின் குடிமை உரிமை அலுவலகத்துக்கும் அனுப்பலாம். சம்பவம் நடந்த 180 நாள்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான கெடு. எந்தத் தேதி, எந்தக் கவுன்டர், என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதை அன்றைக்கே தமிழிலாவது குறித்து வைத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் மாற்றி எழுதப் பிறகு ஆள் கிடைப்பார்கள்.